கரும்பலகையின் வலது பக்கம்

யூலாலி தன் மாமனாருடன் ஒரே கூரையின் கீழ் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தவள். அத்தனை ஆண்டுகளில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டையாக இருந்தால் ஒரு நாளாவது வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இது மரியாதை.

வடக்கே பனிநிலத்தில், வாத்துக்கழுத்து ஏரிக்கரையில் வாழும் க்ரீ பழங்குடி மக்களிடம் மருமகள் மாமனாரோடு நேரே பேசமாட்டாள். மருமகன் மாமியாரின் முகம் பார்க்கமாட்டான். மச்சானும் மச்சினியும் மட்டும் எதை வேண்டுமானாலும் சொல்லிக் கிண்டலடித்துக்கொள்ளலாம். எவ்வளவு பச்சையாகப் பேசுகிறார்களோ அவ்வளவு நெருக்கமான உறவு என்று பொருள். மற்ற இடங்களில் இந்த முறையெல்லாம் தேய்ந்துபோயிற்று என்கிறார்கள். ஏரிக்கரையில் சில வீடுகளில் மட்டும் இன்னும் விறைப்பாக நின்றது. அவற்றில் யூலாலி வாழ்க்கைப்பட்ட வீடு ஒன்று.

மாமனார் இசிடோருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பனிக்கட்டிக்குக் கீழே வலைபோட்டு மீன் பிடிப்பவர். அவருக்குத் தேநீர் வேண்டுமென்றால் நாயைப் பார்த்துச் சொல்வார். நாயின் பெயர் பிஷப். இதற்கு முன் அவர் வளர்த்த நாய்களுக்கும் அதே பெயர்தான். ஆறு வயதில் பாதிரியாரின் மிதவை விமானத்தில் ஏற்றப்பட்டு மிஷன் பள்ளி விடுதிக்குப் போனவர், மீசை அரும்பிய பிறகுதான் வெளியே வந்தார். அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "பிஷப், உக்காரு" என்று அதட்டுவார். அது உட்காரும். அந்தக் காட்சி அவருக்கு அலுத்ததே இல்லை.

"பிஷப், டீ ஆறிப்போச்சு போலிருக்கே" என்பார். யூலாலி எழுந்து கெட்டிலை அடுப்பில் வைப்பாள். "பிஷப், மீன் அளவு பத்துமான்னு கேளு" என்பாள் அவள். "பிஷப், நாளைக்கு வலை எடுக்கறேன்" என்று பதில் வரும். ஒரு குடும்பத்தை நடத்த இது போதும். பல நாடுகளில் இதைவிடக் குறைவாகப் பேசிக்கொண்டு அரசாங்கமே நடத்துகிறார்கள்.

யூலாலியின் பிறந்த வீட்டுக் கதை வேறு. அவளுடைய அம்மா சிறுமியாக இருந்தபோது, பிள்ளைகளை விடுதிக்குப் பிடித்துப்போக வரும் விமானத்தின் சத்தம் கேட்டால் போதும், பெற்றவர்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சதுப்புக் காட்டின் மறுகரைக்குப் போய்விடுவார்கள். விமானம் திரும்பிப் போகும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அப்படி ஒளித்து வளர்க்கப்பட்டவள், தான் பெற்ற ஆறு பிள்ளைகளில் ஒன்றின்மேலும் கை வைத்ததில்லை. ஊரில் அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் உண்டு.

யூலாலி உள்ளூர்ப் பகல்பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். கோடையில் காட்டுத்தீ அணைக்கும் முகாம்களில் சமைத்தாள். பத்தொன்பது வயதில் ரெமியைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு வடக்கே சுரங்கத்தில் ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு. மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் நதீனுக்கு நான்கு வயது. பகலில் கண்ணயர்ந்தாலும் படுக்கையை நனைத்துவிடுவாள். எழுந்ததும் வெட்கமே இல்லாமல், "அம்மா, ஏரி வந்துடுச்சு" என்பாள்.

ஊருக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று ஊர்க் கவுன்சில் முடிவு செய்தது. மாகாண அரசு, பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் உரிமம் தர முடியாது என்றது. பயிற்சி பெற்றவர்கள் நகரத்திலிருந்து வருவார்கள். முதல் பனிப்புயலில் காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிப் போவார்கள். ஆகவே கவுன்சில் தலைவர் பல்கலைக்கழகத்துக்குப் போய் மேஜையைத் தட்டினார்: "பிள்ளைங்களைப் படிக்கக் கூட்டிட்டுப் போனது போதும். இந்தத் தடவை நீங்க இங்க வாங்க. பாதி உங்க பாடம், பாதி எங்க பாடம். எங்க பெரியவங்க வகுப்புல உக்காருவாங்க." நியாயமான பேச்சு. பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டு, அட்டையில் இறகு படம் போட்ட கையேடு ஒன்றையும் அச்சடித்து, பெவர்லி என்ற ஆசிரியையை அனுப்பியது.

பெவர்லி நல்லவள். இந்தக் கதையில் அதுதான் சிக்கல். கெட்டவளாக இருந்திருந்தால் யூலாலியின் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

முதல் நாளே பெவர்லி சமூகக் கூடத்தின் கரும்பலகையில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். இடது பக்கம் பல்கலைக்கழகத்தின் அறிவு. வலது பக்கம் ஊரின் அறிவு. "இதுல எதுவும் ஒசத்தி இல்ல, எதுவும் தாழ்த்தி இல்ல" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வலது பக்கமே இல்லாத கரும்பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள். கைதட்டாமல் என்ன செய்வார்கள்?

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரே ஆண் ஸக்காரி. யூலாலிக்குத் தாய்மாமன் மகன், அதாவது கிண்டலுக்கு உரிமை பெற்றவன். பெவர்லிக்கு க்ரீ தெரியாததால் பெரியவர்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லும் பொறுப்பு அவனுக்கு.

"என்ன மச்சினி, குழந்தை வளக்கறதுக்கு டிப்ளமாவா? பெத்துக்கறதுக்கும் ஒண்ணு குடுப்பாங்களா? நான் செய்முறை வகுப்பு எடுக்கறேன்."

"உனக்கு எழுத்துத் தேர்விலயே பாஸ் வராது மச்சான். ஒம் பொண்டாட்டி சொல்லித்தான் ஊருக்கே தெரியுமே."

பெவர்லி அதிர்ந்துபோய்ப் பார்த்தாள். மற்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வகுப்புக்கு வர ஒப்புக்கொண்ட பெரியவர்களில் சிலர் குளிர்கால முகாமுக்குப் போய்விட்டார்கள், சிலருக்கு முழங்கால் வலி. தவறாமல் வந்தவர் இசிடோர் ஒருவர்தான். கூடம் கதகதப்பாக இருக்கும், டோனட்டும் கிடைக்கும். மாமனார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தால் மருமகள் கடைசி வரிசைக்குப் போய்த் தூணுக்குப் பின்னால் உட்கார்வாள். பெரியவருடன் உரையாடுவதற்குத் தனியாக மதிப்பெண் உண்டு. யூலாலி பெயருக்கு நேரே ஒவ்வொரு வாரமும் சுழி விழுந்தது. வகுப்பில் எல்லோருக்கும் காரணம் தெரியும். பெவர்லிக்கு யாரும் சொல்லவில்லை. கையேட்டில்தான் 'ஊரின் மரபுகளை அறிந்தவர்' என்று அவளைப்பற்றிப் போட்டிருக்கிறதே, தெரிந்துதான் சுழி போடுகிறாள், பல்கலைக்கழகத்துக் கண்டிப்பு இது என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் சில வாரங்கள் இசிடோர் சொன்னவை அருமையானவை. இரண்டு கயிறும் ஒரு போர்வையும் கொண்டு மூலைக்கு மூலை ஊஞ்சல் கட்டுவது எப்படி, கைக்குழந்தையைத் துணியில் எவ்வளவு இறுக்கிச் சுற்றலாம், வேட்டையில் முதல் முயல் பிடித்த பிள்ளையை எப்படிக் கொண்டாடுவது. வலது பக்கம் நிரம்பிற்று.

பிறகு படுக்கையை நனைக்கும் பிள்ளைகளைப் பற்றிய பாடம் வந்தது. இடது பக்கத்தில் பெவர்லி எழுதினாள்: குழந்தையின் குற்றம் அல்ல. வளர வளர நிற்கும். தண்டிக்கக் கூடாது.

இசிடோர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த ஈரத் துப்பட்டியை எடுத்துப் பிள்ளை தலைமேல போடணும். எல்லாரும் காலைச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அப்படியே நிக்கணும். மத்தப் பிள்ளைங்க பாக்கணும். அந்தப் பெனிதான்ஸைக் குடுத்தா தானா நின்னுடும். நம்ம பெரியவங்க அப்படித்தான் பண்ணினாங்க."

ஸக்காரி ஆங்கிலத்தில் சொன்னான். பாவத்துக்குப் பரிகாரமான தண்டனை என்று பொருள்படும் 'பெனிதான்ஸ்' என்ற தேவாலயச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அது பெவர்லியின் பக்கத்திலிருந்து வந்த சொல்தானே. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"எங்கம்மாவும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்லயும்" என்றாள் இன்னொருத்தி. அந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே விடுதியில், ஒரே கன்னிகாஸ்திரீகளின் கையில் வளர்ந்தவர்கள். ஒரு தலைமுறை வாங்கிய அடியை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தால் போதும், மூன்றாம் தலைமுறை அதை முன்னோர் வழக்கம் என்று கும்பிடும். உலகத்தில் பல புனிதங்களின் வயது இதைவிட அதிகமில்லை.

பெவர்லியின் சுண்ணக்கட்டி ஒரு நொடி நின்றது. பிறகு வலது பக்கத்தில் எழுதியது. இடது பக்கம், தண்டிக்கக் கூடாது. வலது பக்கம், ஈரத்துணியைத் தலையிலிட்டு நிறுத்துதல். நடுவில் அந்த நேர்கோடு, யாருக்கும் நோகாமல். காப்பகத்தின் விதிப்புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஏறும் என்பது ஏற்கெனவே முடிவானது. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சரியாக இருக்கவேண்டுமென்றால் ஒரு பிள்ளையைத்தான் நடுவில் பிளக்கவேண்டும்.

தூணுக்குப் பின்னால் இருந்த யூலாலிக்கு அந்தப் பிள்ளையின் பெயர் தெரியும். காப்பகம் திறந்ததும் முதலில் சேரப்போகிறவர்களில் நதீனும் ஒருத்தி.

வகுப்பு கலைந்ததும் அவள் பெவர்லியிடம் போனாள்.

"வலது பக்கம் எழுதினது எங்க வழக்கம் இல்ல. விடுதியில சிஸ்டருங்க செஞ்சது."

பெவர்லியின் முகம் வாடிற்று. "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு யூலாலி. ஆனா நான் வெளியாள். ஒரு பெரியவர் வாயால சொன்னதை நான் எப்படி அழிக்கறது? எங்க ஆளுங்க இங்க வந்து அழிச்சது கொஞ்சமா?"

"அவங்க எழுதிவச்சதைத்தானே இப்ப அழிக்கச் சொல்றேன்!"

"அதை அவரே திரும்ப வாங்கிக்கணும். நீ அவர்கிட்டப் பேசேன்."

"பேச முடியாது. அவர் என் மாமனார்."

பெவர்லிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "அடடா! இத்தனை வாரமா நீ மரபைக் கடைப்பிடிச்சிட்டு இருந்திருக்கே, நான் சுழி போட்டிருக்கேனே! என்னை மன்னிச்சிடு." சொன்னபடியே அன்று மாலை சுழிகளையெல்லாம் முழு மதிப்பெண்களாக மாற்றினாள்.

பேசாததற்குச் சுழி. அதே பேசாததற்கு முழு மதிப்பெண். அவளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்பதற்கு எந்தப் பக்கத்திலும் கட்டம் இல்லை.

அந்த வாரம் ரெமி சுரங்கத்திலிருந்து வந்திருந்தான். அவனிடம் சொன்னாள்.

"உங்கப்பாகிட்ட நீ பேசு."

"எங்கப்பாகிட்ட நானா? எதுக்கு? எங்கம்மா என் தலையிலயும்தான் போட்டாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ இப்பவும் லைட்டைப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கற."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா அணைச்சிட்டுத் தூங்கு, பாப்போம்."

ரெமி மூஸ் மான் இறைச்சித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்னோமொபைல் பனிவண்டியைப் பழுதுபார்க்க வெளியே போய்விட்டான். அதில் பழுது ஒன்றுமில்லை.

மிச்சம் இருந்தது நாய். மறுநாள் காலை இசிடோர் ஜன்னலோரம் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். யூலாலி பேனக் ரொட்டியை வாணலியில் புரட்டியபடி ஆரம்பித்தாள்.

"பிஷப், தலைமேல துணி போடற கதை ஒண்ணு கேட்டேன். அது எந்த ஊர்க் கதைன்னு உனக்குத் தெரியுமா?"

வலை ஊசி நின்றது. "பிஷப், வகுப்பு விஷயமெல்லாம் நாய்க்கு எதுக்கு? கஞ்சியக் குடி."

"பிஷப், எங்கம்மா வீட்ல அப்படி ஒரு வழக்கமே இருந்ததில்ல."

"பிஷப், காட்டுல ஒளிஞ்சு வளந்தவங்களுக்கு ஊர் வழக்கம் எப்படித் தெரியும்?"

யூலாலி வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். விமானத்தில் ஏறிப்போனவர்களின் வழக்கம் ஊர் வழக்கமாம். காட்டிலேயே இருந்தவர்கள் ஊர் தெரியாதவர்களாம்.

"பிஷப், நதீன் தலையில அதைப் போடறதுக்கு முன்னாடி எந் தலையில போடட்டும்!"

குரல் உயர்ந்துவிட்டது. நாய் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. இத்தனை பெரிய பொறுப்பை அது கேட்டு வாங்கவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு கதவைப் பிறாண்டியது. இசிடோர் எழுந்து கதவைத் திறந்து, நாயோடு தானும் வெளியே போனார். அதற்கப்புறம் பல நாள் தேநீர் ஆறிப்போனதை யாரிடமும் சொல்லாமலே குடித்தார்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நதீனும் மற்ற பேரப்பிள்ளைகளும் இதுவரை அந்தத் துணியிலிருந்து தப்பியதற்கும் அதே பேசா மரியாதைதான் காரணம். தேநீரும் மீனும் நாய் வழியாகப் போகலாம்; பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று மருமகளுக்குப் புத்தி சொல்ல அவருக்கு வழி இருக்கவில்லை. மாமியாரோ கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டாள். அந்தப் பாதுகாப்பான மௌனத்தைப் பல்கலைக்கழகம் வகுப்பு வைத்துத் திறந்துவிட்டது. வழக்கங்களை வெறுப்பவர்களுக்கும் விரும்புபவர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. யூலாலிக்கு அதை யோசிக்க நேரமில்லை.

விதிப்புத்தகத்தை ஊரின் முன் வாசித்து ஒப்புதல் வாங்கும் நாள் வந்தது. கூடத்தில் கவுன்சில் தலைவர், பெற்றோர், முகாமிலிருந்து திரும்பிய இரண்டு மூன்று முதிய பெண்கள். மூஸ் சூப் பெரிய பானையில் கொதித்தது. இசிடோர் முன்வரிசையில். நாயை வெளியே கட்டியிருந்தார்.

பெவர்லி ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள், ஸக்காரி க்ரீயில் சொன்னான். தலைகள் ஆடின. அந்தப் பக்கமும் வந்தது. "படுக்கையை நனைக்கும் குழந்தை விஷயத்தில் இருவித அறிவும் மதிக்கப்படும். குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்டு, பராமரிப்பவர் எதையும் பின்பற்றலாம்."

தலைவர் கேட்டார்: "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? இல்லேன்னா சூப் ஆறிடும்."

தூணுக்குப் பின்னாலிருந்து யூலாலி எழுந்தாள்.

"மச்சினி, கக்கூஸ் அந்தப் பக்கம்" என்றான் ஸக்காரி. சிரிப்பு எழுந்தது. அவள் பதில் கிண்டல் சொல்லவில்லை. அதைக் கண்டதும் சிரிப்பு தானாக நின்றது. நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்வரிசைக்கு வந்தாள். மாமனாருக்கு எதிரே நின்றாள்.

"மாமா."

ஒரு முதிய பெண் முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். இசிடோர் தரையைப் பார்த்தார். அனிச்சையாகக் காலடியில் நாயைத் தேடினார்.

"பிள்ளை தலையில ஈரத்துணி போடறதா சொன்னீங்களே மாமா. அதுக்கு நம்ம பாஷையில என்ன பேரு?"

அவர் தரையிடமே சொன்னார்: "அதுக்குப் பேரு... பெனிதான்ஸ்."

"அது சிஸ்டருங்க வச்ச பேரு. நம்ம பேரு என்ன? ஊஞ்சலுக்குப் பேரு இருக்கு. முயல் கண்ணிக்குப் பேரு இருக்கு. பனியிலேயே எத்தனை விதத்துக்குப் பேரு சொல்லுவீங்க. நம்ம பெரியவங்க தலைமுறை தலைமுறையா செஞ்சதுன்னா, அதுக்கு ஒரு பேரு வைக்காமலா விட்டிருப்பாங்க?"

இசிடோர் வாயைத் திறந்தார். உதடுகள் எதையோ உருட்டிப் பார்த்தன. பின்வரிசையில் முதிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்கள். சூப் பானையின் மூடி தடதடத்தது.

"இல்ல" என்றார் இசிடோர்.

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். நாயை அவிழ்க்கும் சங்கிலிச் சத்தம் கேட்டது.

அதன்பிறகு கூடத்தில் நடந்ததை விவாதம் என்று சொல்லலாமா தெரியவில்லை. முக்காடு போட்ட முதியவள், "மாமனாரை நிக்க வச்சுக் கேள்வி கேக்கறதுதான் நீங்க சொல்லிக்குடுக்கற படிப்பா?" என்று பெவர்லியிடம் சீறினாள். "அவ அம்மா காட்டுல வளந்தவ, வேற எப்படி இருப்பா" என்றாள் இன்னொருத்தி. தலையில் துணிபோட்டுத் தங்களை நிறுத்தியவர்களின்மேல் இந்தக் கூடத்தில் ஒருநாளும் எழாத கோபம், துணியை எடுக்கச் சொன்னவள்மேல் எழுந்தது. கோபத்துக்கும் வழக்கம் உண்டு. யார்மேல் படலாம், யார்மேல் படக்கூடாது என்று.

நடந்ததை ஸக்காரி காதோடு சொல்லிவரக் கேட்டிருந்த பெவர்லிக்கு வேறு கவலை. "பெரியவர் 'இல்ல'ன்னு சொன்னாரே, எது இல்ல? பேரு இல்லையா, வழக்கமே இல்லையா? அவர் தெளிவா திரும்ப வாங்கிக்கிட்டாரான்னு எனக்குத் தெரியணும்."

எல்லோரும் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார்கள். ஸக்காரி வாழ்க்கையில் முதல்முறையாகக் கிண்டல் இல்லாத முகத்தோடு நின்றான். அவன் சட்டைக் காலரை ஒருமுறை தளர்த்திக்கொண்டான்.

"அவர் முழுசா சொன்னது இதுதான்" என்றான் ஆங்கிலத்தில். "'நான் சொன்னது தப்பு. அது நம்ம வழக்கம் இல்ல. அதை அழிச்சிடுங்க.'"

"ஒரே வார்த்தையில அவ்வளவுமா?" என்றாள் பெவர்லி.

"எங்க பாஷை ரொம்ப அடர்த்தி."

ஆங்கிலம் தெரிந்தவர்கள் கூடத்தில் பாதிப்பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் சூப் கரண்டியை எடுத்தார். பெவர்லி அழிப்பானால், கரும்பலகையில் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த அந்த வலது பக்கத்துக் கட்டத்தைத் துடைத்தாள். அங்கே ஒன்றுமில்லாமல் போனது அவளை உறுத்தியது. பிறகு யாரும் பார்க்காதபோது நடுக்கோட்டையும் அந்த ஓர் இடத்தில் மட்டும் துடைத்தாள் என்று ஸக்காரி சொல்கிறான். அவன் மொழிபெயர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதைத்தான் பார்த்தோமே.

மரபைக் கடைப்பிடித்ததற்காகக் கொடுத்த மதிப்பெண்ணைப் பெவர்லி மிகுந்த வருத்தத்தோடு திரும்ப எடுத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்து, பெரியவருடன் உரையாடியதற்காக ஒன்று கொடுத்தாள். யூலாலி மயிரிழையில் தேறினாள்.

மறுநாள் காலை நதீன் படுக்கையை நனைத்திருந்தாள். யூலாலி துப்பட்டியைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தபோது, துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இசிடோர் நின்றிருந்தார். இரவெல்லாம் மீன் கொட்டகையில் இருந்தவர்போலத் தோள்களில் பனித்தூள். நாய் கூட இல்லை.

அவர் மெஷினைப் பார்த்துச் சொன்னார்: "விடுதியில படுக்கற கட்டடத்துலேருந்து சாப்பாட்டுக் கட்டடத்துக்கு முற்றம் வழியாத்தான் போகணும். குளிர்காலத்துல அந்த ஈரத்துணி தலைமேலயே விறைச்சுப்போகும். பலகை மாதிரி. கையால தொட்டா முறியும்."

யூலாலி சுற்றிலும் பார்த்தாள். பிஷப் இல்லை, பிள்ளைகள் இல்லை. அவளிடம்தான் சொல்கிறார்.

"எத்தனை வயசு வரைக்கும் மாமா?"

"வெளிய வர்ற வரைக்கும்." பனித்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அதுக்கு முன்னாடி எங்கம்மா என்ன பண்ணினாங்கன்னு ராத்திரி பூரா நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் வரல. உங்கம்மா என்ன பண்ணுவாங்க?"

"பிள்ளைக்கு அடியில மெத்தை மாதிரி விரிச்ச ஈரப் பாசியை எடுத்துப் போட்டுட்டு, காஞ்ச பாசியை வைப்பாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா."

"அவ்வளவுதானா?"

ஒரு பழைய, பெரிய, புனிதமான ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருந்தவர்போல அவர் முகம் கொஞ்சம் ஏமாந்தது. பிறகு கையை நீட்டினார். துப்பட்டியை அவளிடமிருந்து வாங்கி மெஷினுக்குள் போட்டார். யூலாலி சோப்புத் தூள் டப்பாவைச் சாய்த்தாள்.

"ஒரு துணிக்கு இவ்வளவா கொட்டுவே?" என்றார் இசிடோர்.

அவள் டப்பாவைப் பிடித்தபடியே திரும்பினாள். "பதினோரு வருஷமா மனசுல வச்சிட்டிருந்தது இதுதானா மாமா?"

"இது மட்டுமில்ல" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.